லாரி பேக்கர்: ஏழை வீட்டுக்கும் காற்று வேண்டும் என்றவர்



மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை நம் காலாண்டு இதழில் யாராவது ஒருவர் எழுதுவது வழக்கம். இந்த முறை அந்த வாய்ப்பு எனக்கு வந்திருக்கிறது. நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். கட்டட வேலைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. அப்படியிருந்தும் கட்டடக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நகருக்குப் பின்னால் உள்ள தொகுப்பு வீடுகளைச் சேர்ந்தவர்கள், கோடையில் இரவு முழுக்க ரோட்டிலேயே கட்டிலும் பாயும் போட்டுப் படுக்கிறார்கள், வண்டி போக வழியில்லை என்று போன வருடம் நாம் ஒரு மனு எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மனுவைக் கொடுக்கும் முன் அவர்கள் காதிலும் போட்டுவிடலாம் என்று ஒரு மே மாத மதியம் இரண்டரை மணிக்கு அங்கே போனேன். அந்த வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். கால் மணி நேரம்கூட என்னால் உட்கார முடியவில்லை. ஒரே அறை, ஒரே ஜன்னல். எதிர்ச் சுவரில் கை நுழையும் அளவுக்குக்கூடத் துவாரம் கிடையாது. தலைக்கு மேல் கான்கிரீட் தளம். காற்றாடி சுற்றச் சுற்ற அனல்தான் இறங்கியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவில்தான் அதைக் கீழே விடும். இந்த வீட்டில் குழந்தைகளோடு எப்படித் தூங்குவது? ரோட்டுக்குத்தான் வர வேண்டும்.

வந்த விஷயத்தைச் சொல்லாமலேயே திரும்பிவிட்டேன். அந்த மனு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. குறைந்த செலவில் கட்டினால் வீடு இப்படித்தான் இருக்குமா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் லாரி பேக்கரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. பேர் உங்களில் பலர் கேள்விப்பட்டதுதான். ஆனால் அவர் செய்தது என்ன என்பதை நிதானமாகத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

கணக்கர் வீட்டுப் பிள்ளை

லாரன்ஸ் வில்ஃபிரட் பேக்கர் 1917 மார்ச் 2-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அப்பா அந்த நகரின் எரிவாயு நிறுவனத்தில் தலைமைக் கணக்கர். எங்கே பைசா வீணாகிறது என்று பார்க்கும் கண் பேக்கருக்குக் கடைசி வரை இருந்தது. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்தத் தகவல் முதலில் மனசில் ஒட்டிக்கொண்டது.

இளம் வயதிலேயே குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின்பால் ஈர்க்கப்பட்டார். எளிமையும், எந்தப் போரிலும் ஆயுதம் தொடாமையும் அவர்களுடைய கொள்கை. 1937-இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகப் போர் வந்துவிட்டது. துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொன்ன பேக்கர், குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சியோடு சீனாவுக்கு அனுப்பப்பட்டார். காயம்பட்டவர்களையும் தொழுநோயாளிகளையும் கவனித்துக்கொண்டு அங்கே சில ஆண்டுகள் கழிந்தன.

பம்பாயில் கிடைத்த பாடம்

உடல்நிலை காரணமாக ஊர் திரும்பும் வழியில், 1944 வாக்கில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதம் காத்திருக்க நேர்ந்தது. அவர் தங்கிய வீட்டுக்காரர் காந்தியடிகளுக்கு நண்பர். அந்த வழியில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். பேக்கர் போட்டிருந்தது, சீனாவில் பழந்துணியை அடுக்கித் தைத்த காலணி. அது காந்தியின் கண்ணில் பட, பேச்சு வளர்ந்தது.

அப்போது காந்தி சொன்ன ஒரு கருத்தைத்தான் பேக்கர் வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டார். நல்ல கிராமத்தில் ஒரு நல்ல வீடு, அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்பதே அது. ஐந்து மைல் என்றால் 8 கிலோமீட்டர். நம் அன்னவாசலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சித்தன்னவாசல் குன்று அதற்குள் வந்துவிடும். கல் இருக்கிறது, செம்மண் இருக்கிறது, பனையும் வேம்பும் இருக்கின்றன. நம் தாத்தா காலத்து வீடுகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் கிடைத்ததை வைத்துக் கட்டியவைதானே.

1945-இல் பேக்கர் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்காக வேலை செய்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு, பழைய தொழுநோய் விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. நோயாளிகளை அடைத்து வைத்த இடங்களை மனிதர்கள் குணமாகி வீடு திரும்பும் இடங்களாக மாற்ற வேண்டும். அவருடைய முதல் இந்திய வாடிக்கையாளர்களே யாரும் கிட்டே சேர்க்காத மனிதர்கள்தான்.

அங்கே உடன் வேலை செய்த மருத்துவர் ஒருவரின் சகோதரி எலிசபெத், கேரளத்தைச் சேர்ந்தவர், அவரும் மருத்துவர். இரண்டு குடும்பங்களிலும் தயக்கம் இருந்தது. பொறுத்திருந்து 1948-இல் மணந்துகொண்டார்கள்.

மலைக் கிராமத்தில் மறுபடியும் படிப்பு

திருமணம் முடிந்து இமயமலைப் பக்கம் பித்தோரகட் என்ற இடத்துக்குப் பயணம் போனார்கள். மருத்துவ வசதியே இல்லாத ஊர். டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஜனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனவர்கள் ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்கள். அம்மா வைத்தியம் பார்த்தார். பேக்கர் மருத்துவமனை கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார், வேண்டும்போது மயக்க மருந்தும் கொடுத்தார்.

இங்கிலாந்தில் படித்தது எதுவும் இந்த மலையில் உதவவில்லை என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மண் சுவர், சாணி மெழுக்கு, கரையான், பருவமழை ஆகிய எதுவும் அவருடைய பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இவை எல்லாவற்றையும் சமாளித்துத் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கல்லை எந்தப் பக்கம் வைத்தால் நிற்கும், எந்தத் திசையில் கதவு வைத்தால் குளிர் வராது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த விஷயம். பட்டம் பெற்ற பேக்கர் ஊர்க் கொத்தனாரிடம் மாணவராக உட்கார்ந்தார். சொல்வதற்கு எளிது. படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

திருவனந்தபுரம்

1963-இல் குடும்பம் கேரளத்துக்கு வந்தது. முதலில் வாகமண் மலை, பிறகு 1970 வாக்கில் திருவனந்தபுரம். அப்போது அங்கே முதலமைச்சராக இருந்தவர் சி. அச்சுத மேனன். வளர்ச்சி ஆய்வு மையம் என்ற கல்வி நிறுவனத்தைப் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்க, அதன் கட்டடங்களைக் கட்டும் பொறுப்பு பேக்கரிடம் வந்தது. சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், மரங்களைச் சாய்க்காமல், பூசாத செங்கல்லால் அந்த வளாகத்தைக் கட்டினார். இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

நீங்கள் திருவனந்தபுரம் போயிருந்தால் அவருடைய ஒரு கட்டடத்தையாவது பார்த்திருப்பீர்கள். தம்பானூர் பஸ் நிலையத்தின் பக்கத்தில், செங்கல் நிறத்தில் உருளை மாதிரி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ்தான் அது. உள்ளே தளம் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மேசைகளும் அதோடு ஏறிக்கொண்டே போகும். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துவாரங்கள். பஸ் நிலையத்துச் சூட்டிலிருந்து உள்ளே போய் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்.

அவர் கையாண்ட முறைகளை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. சுவருக்கு நடுவே வெற்றிடம் உண்டாகும். வழக்கமான கட்டுக்கு 100 கல் என்றால் இதற்கு ஏறக்குறைய 75 போதும். நடுவில் இருக்கும் காற்று வெயிலை உள்ளே எளிதில் விடாது. செலவும் குறைகிறது, சூடும் குறைகிறது.

இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் தளம். தளத்தின் பாரத்தைத் தாங்குவதில் மேல்பக்கக் கான்கிரீட்டுக்கும் கீழே உள்ள கம்பிக்கும்தான் முக்கிய வேலை. இடையில் கீழ்ப்பகுதியில் உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் எடை. அந்த இடத்தில் கழித்துப்போட்ட மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டார். எடை குறைந்ததால் சிமெண்டும் கம்பியும் மிச்சம். ஓடுகளுக்கு இடையே உள்ள காற்றால் அறையும் அவ்வளவாகக் காயாது.

மூன்றாவது, துவாரச் சுவர். ஒரு வீட்டில் சதுர அடிக்கு அதிகம் செலவு வைப்பது ஜன்னல். மரம், கம்பி, கண்ணாடி, கொக்கி என்று நீளும். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டினால் அந்தச் சுவரே காற்றும் வெளிச்சமும் தரும், மறைவும் தரும், திருடனுக்கும் வழி இராது.

நான்காவது, தேவையில்லாததை விடுவது. நல்ல செங்கல்லுக்குப் பூச்சு எதற்கு, பெயிண்ட் எதற்கு, எல்லாக் கதவுக்கும் நிலை எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பூச்சைப் பூசும் செலவு ஒரு தடவை. அதற்கு வர்ணம் அடிக்கும் செலவு ஆயுள் முழுக்க.

வளைந்த சுவர் அவருக்குப் பிடிக்கும். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 அடி நீளச் சுவரை 20-க்கு 10 என்று நீள்சதுரமாகக் கட்டினால் உள்ளே 200 சதுர அடி. 15-க்கு 15 என்று சதுரமாகக் கட்டினால் 225. அதே 60 அடியை வட்டமாகக் கட்டினால் ஏறக்குறைய 286. சுவருக்குச் செலவு ஒன்றுதான், இடம் மட்டும் கூடுகிறது.

மீனவர்களுக்கு ஒரு குடியிருப்பு

இனி நாம் பேச வந்த விஷயம். 1974-75-இல் திருவனந்தபுரம் கடலோரத்தில் பூந்துறையில் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் வேலை பேக்கருக்கு வந்தது. பணம் குறைவு, இடம் குறைவு, புயல் அடிக்கும் கரை. நம் ஊர்களில் என்ன செய்வோம்? வரிசையாகக் கோடு போட்டு, தீப்பெட்டி அடுக்கின மாதிரி கட்டிவிட்டு வந்துவிடுவோம். ஒரு வீட்டின் முதுகு அடுத்த வீட்டின் மூக்கை அடைக்கும்.

பேக்கர் நேர் வரிசையை விட்டார். ஒரு வீட்டை முன்னே, அடுத்ததைச் சற்றுப் பின்னே என்று விலக்கி விலக்கி வைத்தார். அதனால் எல்லா வீட்டுக்கும் கடற்காற்று போனது. வீட்டு முன்னால் நின்றால் கடலும் தெரிந்தது. மீன்பிடிக் குடும்பத்துக்குக் கடல் கண்ணில் பட வேண்டியது எவ்வளவு அவசியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி விலக்கி வைத்ததில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் சொந்தமாகக் கொஞ்சம் திறந்த இடம் கிடைத்தது. வலை காயவைக்க, பாத்திரம் கழுவ, பிள்ளைகள் விளையாட அது போதும். தாழ்ந்த சரிவுக் கூரை, துவாரச் சுவர்கள். புயல் காற்று மோதி முட்டாமல் ஊடே புகுந்து போய்விடும்.

இதில் எதற்கும் கூடுதல் பணம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டைச் சற்றுத் தள்ளி வைக்கப் பணமா கேட்கும்? குடியிருக்கப் போகிறவர் காலையில் எழுந்து என்ன செய்வார், வலையை எங்கே வைப்பார், மதியம் எங்கே படுப்பார் என்று வரைவதற்கு முன் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏழைகளுக்கென்று தனி முறை ஒன்றை அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆய்வு மையத்துக்கும் அதே செங்கல், மீனவர் வீட்டுக்கும் அதே செங்கல். வசதியானவர் வீட்டுக்கும் அதே துவாரச் சுவர். பூசாத வீடு என்றால் இல்லாதவன் வீடு என்று நினைக்கும் ஊரில் இது முக்கியம். பெரிய இடத்திலும் அப்படியே கட்டிக் காட்டியதால்தான், குடிசையிலிருந்து வந்தவருக்கும் தாழ்வாக நினைக்க இடமில்லாமல் போனது.

வேலை செய்யும் விதமும் தனிதான். பெரிய ஆபீஸ் இல்லை. பழைய உறை, ஒரு பக்கம் எழுதிய காகிதம் இவற்றின் பின்பக்கத்தில் வரைவார். தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கொத்தனாரோடு நின்று கல் வைப்பார். சிமெண்டும் இரும்பும் எவ்வளவு எரிபொருளைத் தின்று உருவாகின்றன என்பதைச் சுற்றுச்சூழல் பேச்சு பரவாத காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார். 1985-இல் அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோரோடு சேர்ந்து கோஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார். இளம் எஞ்சினியர்களும் கொத்தனார்களும் அதில் பயிற்சி பெற்றார்கள். பெண் கொத்தனார்களும் உருவானார்கள். செலவைக் குறைப்பது எப்படி என்று படம் போட்டு, கையெழுத்திலேயே சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். தொழில் ரகசியம் என்று எதையும் மூடி வைக்கவில்லை.

பின்னாளில் இந்தியக் குடியுரிமை கிடைத்தது. 1990-இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, தொண்ணூறு வயதில், திருவனந்தபுரத்தில் தாமே கட்டிய வீட்டில் காலமானார்.

நமக்கு என்ன?

படித்துவிட்டு நாளைக்கே எலிப்பொறிக் கட்டு ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு ஓரம் உடையாத நல்ல கல்லும், பழகிய கொத்தனாரும் வேண்டும். ஓடு பதித்த தளத்துக்கு எஞ்சினியர் மேற்பார்வை கட்டாயம். மட்டமான கல்லைப் பூசாமல் விட்டால் மழையில் அரித்துவிடும். பேக்கரின் வீட்டைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பது பேக்கரின் வழி அல்ல. நம் ஊருக்கு நம் வெயில், நம் மண், நம் காற்று.

வங்கியில் வீட்டுக் கடன் பைல்களைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். முன்பக்க எலிவேஷனுக்கும் டைல்ஸுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பின்பக்கம் ஜன்னல் வைக்கக் காசில்லாமல் சுவராக மூடியவர்கள் எத்தனையோ பேர். எஸ்டிமேட்டில் கம்பி, சிமெண்ட், மணல் எல்லாவற்றுக்கும் வரி உண்டு. காற்றுக்கு ஒரு வரி இருந்ததை நான் பார்த்ததில்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேற்குப் பக்கம் படுக்கையறை வைத்துவிட்டு, ஏசிக்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறேன். என்னால் கட்ட முடிகிறது. பின்தெருவில் முடியாது.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாக அரசு 2024-இல் அறிவித்தது. ஒரு வீடு 360 சதுர அடி. நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வேலை நடக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், நமக்குப் பால் ஊற்றுபவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள் யாருக்காவது உத்தரவு வந்திருந்தால், வாணம் தோண்டும் முன் ஒரு நிமிடம் பேசுங்கள். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வரட்டும். மேற்கு வெயில் அடுப்படிக்கோ குளியலறைக்கோ போகட்டும், படுக்கும் இடத்துக்கு வேண்டாம். உச்சியில் சூடு வெளியேற வழி இருக்கட்டும். வாசலில் ஒரு சின்னத் திண்ணைக்கு இடம் விடட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. கட்டி முடித்த பிறகு மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கில் ஆகும்.

ஏற்கெனவே கட்டிய தொகுப்பு வீடுகளுக்கும் ஏதாவது செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இரண்டு யோசனைகளை வைக்கப் போகிறேன். சங்கச் செலவில், சித்திரைக்கு முன் அந்த வீடுகளின் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பது ஒன்று. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சூடு குறையும். மேற்கு ஓரமாக வேப்பங்கன்று வைத்து, வளரும் வரை நம் குழாயிலிருந்து தண்ணீர் கொடுப்பது இன்னொன்று. அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டத்துக்கு அழைத்து, என்ன வேண்டும் என்று முதலில் அவர்களைச் சொல்லச் சொல்வோம். பேக்கரும் அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார்.

பழைய மனுவையும் அன்று எடுத்து வருகிறேன். என் கையெழுத்தை நான் அடித்துவிடப் போகிறேன். மற்றவர்கள் ஒரு மதியம் இரண்டரை மணிக்கு அந்த வீடுகளில் ஒன்றில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து முடிவு சொல்லுங்கள்.

கூட்டத்தில் சந்திப்போம்.